இன்னும் ரெண்டு பல்

எங்கள் லாரி யார்டில் என்னை யாரும் டிரைவர் என்று கூப்பிட்டதில்லை. "மேடம்" என்பார்கள். மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம். வாட்ச்மேன் முதல் கிரேன்காரர் வரை அந்த வார்த்தையைச் சொல்லும்போது உதட்டில் ஓர் இளிப்பு வரும். நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நிற்கும். தாண்டிப் போனதும் சிரிப்பு கிளம்பும். ஆரம்பத்தில் திரும்பிப் பார்த்து முறைத்தேன். பிறகு, சூரியனைப் பார்த்து நாய் குரைத்தால் சூரியனுக்கு என்ன என்று விட்டுவிட்டேன். என்னைச் சூரியன் என்று சொல்லிக்கொள்வது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் எதிர்ப்பக்கம் நிற்பவை எவை என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

நான் ஓட்டுவது பிளாட்பெட் ட்ரெய்லர். முன்னால் இன்ஜின் வண்டி, பின்னால் நீளமான வெறும் தளம். சுவர் கிடையாது, கூரை கிடையாது, ஓரத்தில் ஒரு தடுப்புக்கூடக் கிடையாது. மூடின லாரிக்காரன் சரக்கை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு விசில் அடித்துக்கொண்டு போகலாம். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சரக்கு தளத்தில் நிற்பது கட்டின கட்டால் மட்டும்தான். பட்டையான பெல்ட்டைச் சரக்கின் மேலே வீசிப் போட்டு, ராட்செட் என்கிற பல்சக்கரத்தில் கோத்து, கைப்பிடியை ஆட்ட வேண்டும். கடக், கடக் என்று ஒவ்வொரு பல்லாக ஏறி இறுகும். எவ்வளவுதான் இறுக்கியிருந்தாலும் பக்கத்தில் சும்மா நிற்கிறவன் ஒருவன் கண்டிப்பாகச் சொல்வான்: "இன்னும் ரெண்டு பல் போடு." எங்கள் யார்டின் வேதவாக்கு அது.

இன்னொரு சட்டமும் உண்டு. ஒருவர் கட்டின கட்டில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது. தளர்வாகத் தெரிந்தால் கூப்பிட்டுச் சொல்லலாம், கத்தலாம், அப்பன் பாட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டலாம். தொடக் கூடாது. வழியில் எது நடந்தாலும் கட்டினவர் பேர்தான் அடிபடும் என்பதால் வந்த சட்டம் இது. 'குறட்டை' என்று ஒரு டிரைவர் இருக்கிறான். அவன் கட்டின கம்பிக்கட்டு ஒருநாள் நடுரோட்டில் சரிந்தது. நல்லவேளையாக யார் மேலும் விழவில்லை. முதலாளி அவனைப் பழைய இரும்பு ஏற்றுகிற ஓட்டை வண்டிக்கு மாற்றினார். ஒரு மழைக்காலம் முழுக்க வாயைத் திறக்காமல் அதை ஓட்டினான். பிறகு திரும்பி வந்தான். இன்றைக்கு யார்டிலேயே நீளமான உத்தரங்களை அவன்தான் ஏற்றுகிறான். தப்பு செய்தான், அனுபவித்தான், வந்துவிட்டான். அவ்வளவுதான் கணக்கு.

அதே யார்டில்தான் என் அண்ணனும் டிரைவர். அவனுக்கு அங்கே 'உடும்பு' என்று பெயர். பெல்ட்டானாலும் சண்டையானாலும் பிடித்தால் விடமாட்டான். நான் கனரக லைசென்ஸ் எடுத்த அன்று, "ஒரு வீட்டுக்கு ரெண்டு டிரைவர் எதுக்கு? வண்டி என்ன ஊஞ்சலா, மாத்தி மாத்தி ஆட?" என்று கேட்டுவிட்டுப் பேச்சை நிறுத்தினான். கொஞ்ச நாள் கழித்து அறிவுரை சொல்வதற்காக மறுபடி பேச ஆரம்பித்தான். பேசாமல் இருந்ததே தேவலை என்று ஆகிவிட்டது எனக்கு.

கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். கெட்டவனாக இருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். என் கல்யாணம் முறிந்தபோது அந்த வீட்டு வாசலில் வந்து நின்று என்னைக் கூட்டிப்போனவன் அவன்தான். என் துணிப்பெட்டியைத் தன் ட்ரெய்லரில் வைத்து நாலு பெல்ட் போட்டான். ஒரே ஒரு துணிப்பெட்டிக்கு நாலு பெல்ட்! வீட்டுக்கு வந்து இறக்கும்போது பெட்டி நடுவில் நசுங்கி எட்டு போல நின்றது. "பத்திரமா வந்துச்சு பாத்தியா?" என்றான். அவன் வீட்டு மாடியறையில்தான் இருக்கிறேன். சமையல் தனி, வரவு செலவு தனி. ஆனாலும் யார் என்னைப் பற்றி விசாரித்தாலும், "நான் இருக்கேன்ல" என்பான். உதவிக்குச் சொல்கிறானா, மிரட்டுகிறானா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

இந்த நிலையில்தான் சிமெண்ட் தொட்டிகள் வந்தன.

புதிதாகக் கட்டுகிற ஒரு குடியிருப்புக்கு, வீட்டுக்கு ஒன்றாக, வார்த்து முடித்த தண்ணீர்த் தொட்டிகளைக் கொண்டுபோக வேண்டும். பார்த்தால் யானைக்குட்டி மாதிரி இருக்கும். ஆனால் சுவர் மெல்லிசு. அழுத்தம் கூடினால் முட்டை ஓடு மாதிரி கீறல் விடும். முதல் தடவை போன டிரைவர் ஒன்றை உடைத்தான். அடுத்த தடவை போன என் அண்ணன் இரண்டை உடைத்துவிட்டு, "கலவை மட்டம்" என்று சிமெண்ட் மேல் பழியைப் போட்டான். அதன் பிறகு ஒருத்தனும் தொட்டியைத் தொடத் தயாராக இல்லை. முதலாளிக்கு அப்போதுதான் நான் ஒருத்தி இருப்பது ஞாபகம் வந்தது.

"நீ போறியாம்மா?" என்றார். "மொத லோடு முழுசாப் போய்ச் சேந்தா அந்த லைன் மொத்தமும் உனக்குத்தான். புது ட்ரெய்லரும் உனக்கே. உடைஞ்சா, நீயே பாத்துக்க."

எனக்கு வேறென்ன வேண்டும்? அதுவரை எனக்குக் கொடுத்ததெல்லாம் அடுத்தவர்கள் வேண்டாம் என்று தள்ளின லோடுகள். என் பெயரில் ஒரு லைன், என் கையில் ஒரு புது வண்டி. அதற்காக அந்தத் தொட்டிகளை மடியில் வைத்துக்கொண்டுகூடப் போயிருப்பேன்.

லோடு ஏற்றும் நாள் காலையில் கிரேன் தொட்டிகளை என் ட்ரெய்லரில் இறக்கி வைத்தது. நான் இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்தேன். தொட்டியை அசையாமல் நிறுத்த வேண்டியது பெல்ட்டின் வேலை இல்லை, கட்டையின் வேலை. ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில் பலகை போட்டு, நாலு பக்கமும் முட்டுக்கட்டை வைத்துத் தளத்தில் ஆணி அடித்தேன். தொட்டியின் வாய் மேல் குறுக்கே மரச்சட்டம் வைத்து அதன் மேல்தான் பெல்ட்டைப் போட்டேன். கையால் அழுத்தினால் பெல்ட் ஒரு விரல் அமிழ வேண்டும். அதற்கு மேல் ஒரு பல்கூடப் போடவில்லை.

வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. யார்டுச் செய்திகளை ஊரெல்லாம் பரப்புகிற 'ரேடியோ' என்ற டிரைவர் ஒரு பெல்ட்டைச் சுண்டப் பார்த்தான். நான் பார்த்த பார்வையில் விரலை மடக்கிக்கொண்டான்.

"என்ன மேடம், தொட்டிக்கு மூச்சு முட்டும்னு லூசா விட்டுட்டீங்களா?"

"உன் வாய்க்கு ஒரு பெல்ட் மிச்சம் இருக்கு. அத இறுக்கமாவே போடுவேன்" என்றேன்.

சிரிப்பு அவன் பக்கம் திரும்பியது. அதற்காக அவன் என்னை மன்னிக்கப்போவதில்லை என்று தெரியும். மன்னிப்பு யாருக்கு வேண்டும்?

அண்ணன் டீ கிளாஸோடு வந்தான். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தான். கட்டுகளைப் பார்க்கப் பார்க்க அவன் முகம் வலிக்கிற பல்லை நாக்கால் தொட்டவன் முகம் மாதிரி ஆனது.

"இதுக்குப் பேரு கட்டா? பொட்டலம் கட்டுறவன்கூட இதவிட நல்லா கட்டுவான்."

"கட்டை புடிச்சுக்கும் அண்ணே. பெல்ட் சும்மா மேல இருந்தா போதும்."

"ஒரு பிரேக் அடிச்சா மொத்தமும் உன் முதுகு மேல வந்து உக்காரும். கையில பலம் இல்லன்னா சொல்லு, நான் இருக்கேன்ல. நாலு இழுப்பு இழுத்து விடுறேன்."

"நீ ஏத்தினதுல ரெண்டு தொட்டி உடைஞ்சுதே, அது யாரு பலத்துல உடைஞ்சுது?"

கேட்டிருக்கக் கூடாது. கூட்டத்தில் யாரோ 'உச்சு' கொட்டினார்கள். அண்ணன் காது சிவந்துவிட்டது. மிச்ச டீயைத் தரையில் ஊற்றிவிட்டுத் தன் வண்டிக்குப் போனான். அவனுக்கும் அன்று அதே பாதையில் கம்பி லோடு இருந்தது.

நகரத்தைத் தாண்டினதும் ஒரு பெட்ரோல் பங்க் வரும். எங்கள் வண்டிகள் எல்லாம் அங்கே ஒருமுறை நிற்கும். அதுவரை குலுங்கிக் குலுங்கி வந்ததில் சரக்கு தளத்தில் அமர்ந்துவிடும், பெல்ட் கொஞ்சம் தளர்ந்திருக்கும். இறங்கிப் பார்த்துச் சரிசெய்துகொண்டு கிளம்புவது வழக்கம். நானும் நிறுத்தினேன். முன்னாலிருந்து பின்னால் வரை ஒவ்வொரு பெல்ட்டாக அழுத்திப் பார்த்தேன். இரண்டு பெல்ட் லேசாகத் தளர்ந்திருந்தன. ஒவ்வொரு பல் போட்டேன். கட்டைகள் போட்டது போட்டபடி இருந்தன. எனக்கே என் மேல் ஒரு மதிப்பு வந்தது.

அதன் பிறகு கழிவறைக்குப் போனேன். ஆண் டிரைவர்களுக்குப் பங்க்கின் பின்சுவரே போதும். பெண்கள் கழிவறை பூட்டிக் கிடந்தது. சாவி கேஷியரிடம். கேஷியர் போனில். கையைக் காட்டினேன், கண்ணாடியைத் தட்டினேன். அவன் என்னை ஜன்னலில் உட்கார்ந்த ஈ மாதிரி பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தான். கடைசியில் சாவியை மேஜை மேல் தூக்கிப்போட்டு, "பொம்பளைங்க யாரும் வர்றதில்ல, அதான்" என்றான். பூட்டி வைத்தால் எவள் வருவாள்?

திரும்பி வந்தபோது என் வண்டிக்குப் பின்னால் நின்றிருந்த அண்ணனின் வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. என்றும் இல்லாத திருநாளாக ஜன்னல் வழியே கையைத் தூக்கிக் காட்டினான். காலைச் சண்டைக்குச் சமாதானம் என்று நினைத்தேன். நானும் கையைத் தூக்கினேன். பெல்ட்டையெல்லாம்தான் பார்த்தாகிவிட்டதே, மறுபடி எதற்கு என்று வண்டியை எடுத்தேன்.

குடியிருப்பில் ஸ்டோர் கீப்பர் சின்னச் சுத்தியலோடு காத்திருந்தார். முன்பு வந்த உடைசல்களால் நொந்துபோயிருந்த மனிதர். என்னைப் பார்த்ததும், "டிரைவர் எங்க?" என்றார். நான்தான் என்றேன். வானத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார்.

முதல் ராட்செட்டைத் திறக்கப் போனேன். கைப்பிடி அசையவில்லை. உடம்பின் கனம் முழுவதையும் போட்டு இழுத்தேன். அசையவில்லை. பெல்ட்டைத் தொட்டால் இரும்புத் தகடு மாதிரி இருந்தது. கடப்பாரையை மாட்டி நெம்பினபோது 'டப்' என்று பாய்ந்து திறந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. கட்டி முடித்த பிறகு மிஞ்சுகிற பெல்ட் வாலை நான் வெளியே ஒரு முடிச்சுப் போட்டு விடுவேன். இங்கே எல்லா வாலும் இரண்டாக மடிக்கப்பட்டுக் கைப்பிடிக்குள் திணிக்கப்பட்டிருந்தது. அந்தத் திணிப்பு யாருடையது என்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டும் சொல்ல முடியும்.

ஸ்டோர் கீப்பர் ஒவ்வொரு தொட்டியாகத் தட்டிக்கொண்டு வந்தார். ணங். ணங். நாலாவது தொட்டியில் 'தொப்' என்றது. கடைசித் தொட்டியிலும் 'தொப்'. தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். மரச்சட்டம் அழுத்தின இடத்திலிருந்து கீழே வரை மெல்லிய கோடாக ஈரம் இறங்கியது.

"ஆம்பளைங்கள அனுப்பினாலும் உடையுது, பொம்பளைய அனுப்பினாலும் உடையுது. அடுத்த தடவ யார அனுப்புவாருன்னு உங்க முதலாளியக் கேட்டுச் சொல்லு" என்றார்.

காலி ட்ரெய்லரைத் திருப்பி ஓட்டி வரும்போது அழுகை வந்தது. துக்கத்தில் வந்த அழுகை இல்லை, ஆத்திரத்தில் வந்தது. அவனை என்ன செய்யலாம் என்று வழி முழுக்க யோசித்தேன். வீட்டில் போய்ச் சண்டை போடுவதில் பிரயோஜனம் இல்லை. முதலாளி முன்னால், எல்லோர் முன்னாலும், என் கட்டில் கை வைத்தவன் இவன் என்று காட்ட வேண்டும். சட்டம் சட்டம்தானே. அன்றிரவு மாடியிலிருந்து இறங்கவே இல்லை.

மறுநாள் காலை முதலாளியின் அறையில் விசாரணை. விசாரணை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மேஜைக்குப் பின்னால் முதலாளி, பக்கத்தில் சூப்பர்வைசர், ஜன்னலில் பாதி யார்டு. ரேடியோ முன்வரிசையில் இடம் பிடித்திருந்தான். படம் பார்க்க வந்தவர்கள் மாதிரி எல்லார் முகமும் மலர்ந்திருந்தது.

"என்னம்மா, ரெண்டு தொட்டி போச்சாமே. எப்படிக் கட்டின?" என்றார் முதலாளி.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தான். குளித்து, தலை சீவி, துவைத்த சட்டை போட்டிருந்தான்.

"அவ மேல தப்பு இல்ல சார். நான்தான் இறுக்கினேன்."

ஜன்னலில் இருந்த தலைகள் இன்னும் உள்ளே நீண்டன. ஒத்துக்கொள்வான் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

"பங்க்குல பாத்தேன் சார். பெல்ட்டு பூரா தொளதொளன்னு இருந்துச்சு. அவ கையில என்ன பலம் இருக்கும், சொல்லுங்க? மனசு கேக்கல. கைப்பிடில பைப்ப மாட்டி நாலு இழுப்பு இழுத்து விட்டேன். வழியில அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது? கூடப் பொறந்தவன் நான் இருக்கேன்ல."

கடைசி வார்த்தையில் அவன் குரல் கம்மியது. நடிப்பு இல்லை. அதுதான் கொடுமை. ஜன்னலில் யாரோ, "அண்ணன்னா இப்படி இருக்கணும்யா" என்றார்கள். ரேடியோ கண்ணைத் துடைத்துக்கொண்டான். முதலாளியின் முகம் வெயிலில் வைத்த வெண்ணெயாகிவிட்டது. இரண்டு தொட்டிகள் உடைந்து கிடக்கின்றன. உடைத்தவனுக்கு அங்கே பாராட்டு விழா நடக்கிறது.

"சார்" என்றேன். "இவர் கை வைக்காம இருந்திருந்தா ஒரு தொட்டிகூட உடைஞ்சிருக்காது."

"கை வச்சது யாரும்மா? மூணாம் மனுஷனா? உன் அண்ணன்."

"ஒருத்தர் கட்டுல இன்னொருத்தர் கை வைக்கக் கூடாதுன்னு நம்ம யார்டுல இருக்குல்ல சார்?"

முதலாளி சூப்பர்வைசரைத் திரும்பிப் பார்த்தார். சூப்பர்வைசர்தான் சொன்னார், சின்னக் குழந்தைக்குச் சொல்வது போல.

"அது டிரைவருங்களுக்குள்ள, மேடம்."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் சொன்னதில் சிரிக்க ஒன்றும் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. அண்ணனும் தலையாட்டினான்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "சரி, ஆனது ஆச்சு. பாசத்துல செஞ்சதுக்கு என்ன பண்றது? லைன் உன்கிட்டயே இருக்கட்டும். புது வண்டியையும் நீயே ஓட்டு. கட்டுறத மட்டும் இனிமே அண்ணன் பாத்துக்கட்டும். எவ்வளவு இறுக்கணும்னு நீ பக்கத்துல நின்னு சொல்லு, அவன் கட்டுவான். நீ ஸ்டியரிங்கப் புடிச்சா போதும். எல்லாருக்கும் நிம்மதி."

அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தான். கோபம் தீர்ந்த சிரிப்பு. 'பாத்தியா, வாங்கிக் குடுத்துட்டேன்' என்கிற சிரிப்பு. அந்தக் கணத்தில் நாலு பெல்ட் போட்ட என் துணிப்பெட்டியாக நானே ஆகிவிட்டது போல இருந்தது எனக்கு.

தலையை ஆட்டினால் போதும், லைன் எனக்கு, வண்டி எனக்கு. யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் ஒவ்வொரு காலையும் அவன் வந்து கட்டுவான். நான் பக்கத்தில் நின்று கை காட்டுவேன். முழுசாகப் போய்ச் சேர்ந்தால் அண்ணன் கட்டினது. உடைந்தால் தங்கச்சி சொன்னது. பத்து வருஷம் ஓட்டினாலும் உடும்பின் தங்கச்சி ஓட்டினாள் என்றுதான் பேச்சு இருக்கும். குறட்டை கம்பியைச் சரித்துவிட்டுத் திரும்பி வந்தான். தப்பு செய்த டிரைவருக்குத் திரும்பி வர ஒரு வழி இருக்கிறது. அண்ணன் தயவில் ஓடுகிறவளுக்கு எந்த வழி? அவள் போனதே இல்லையே, திரும்பி வர.

"அண்ணன் பொய் சொல்றாரு சார்" என்றேன்.

அவன் சிரிப்பு அப்படியே நின்றது.

"பங்க்குக்கு வந்தாரு, அது நெசம். ஆனா கட்டத் தொடல. என்னக் காப்பாத்தறதுக்காகப் பழியத் தன் மேல போட்டுக்குறாரு. பங்க்குல எனக்கே பயம் வந்துருச்சு. எல்லாரும் லூசு லூசுன்னு சொன்னாங்களேன்னு பைப்ப மாட்டி நான்தான் இழுத்தேன். ஜாஸ்தியாப் போச்சு. கட்டுனது நானு. உடைச்சதும் நானு."

"ஏய், என்ன உளர்ற?" என்றான் அண்ணன். "சார், இவ..."

"விடுப்பா உடும்பு" என்றார் முதலாளி. "தங்கச்சிக்காகப் பொய் சொல்லப் பாத்த. நல்ல மனசுதான். ஆனா என்கிட்ட வேணாம்."

நான் உண்மை சொன்னபோது ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. பொய்யைச் சொன்ன மறு நொடி அத்தனை பேரும் நம்பினார்கள். ஜன்னலில் தலைகள் ஆடின. "அதானே பாத்தேன்" என்றான் ரேடியோ. பொம்பளை உடைத்தாள் என்பது அவர்கள் முந்தின நாள் மாலையே எழுதி வைத்துவிட்ட முடிவு. நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன்.

முதலாளியின் முகத்திலிருந்து வெண்ணெய் எல்லாம் போய்விட்டது. "தெரிஞ்சுதான் பேசுறியா? அப்போ லைன் கிடையாது. புது வண்டி கிடையாது. பழைய இரும்புதான்."

"கட்டுறது யாரு சார்?"

"என்ன கேள்வி இது? வண்டிய யாரு ஓட்டுறாங்களோ அவங்கதான் கட்டணும். வேற யாரு வந்து கட்டுவா உனக்கு?"

"சரி சார்" என்றேன்.

வெளியே வந்ததும் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் அண்ணன் என் முன்னால் வந்து நின்றான். அடித்துவிடுவானோ என்றுகூட நினைத்தேன்.

"ஏன்டி? எல்லார் முன்னாடியும் என்னப் பொய்யனாக்கிட்ட. உனக்கு லைன் வாங்கிக் குடுத்தேன்டி."

"நீ எனக்குக் குடுக்கல. என்கிட்ட இருந்து எடுத்துக்கிட்ட."

"என்னத்த எடுத்துக்கிட்டேன்? கூடப் பொறந்தவ வண்டி அடுத்தவன் வண்டியா? அதத் தொட எனக்கு உரிமை இல்லையா?"

"குறட்டை வண்டியத் தொடுவியா?"

அவன் சொட்டிக்கொண்டிருந்த குழாயைத் திருகி இறுக்கினான்.

"ரேடியோ வண்டிய? அவன் கட்டு எப்பவும் தொளதொளன்னுதான இருக்கு. என்னிக்காவது பைப்ப மாட்டி இழுத்து விட்டிருக்கியா? அவங்க மேல இருக்குற பயம் என் மேல இல்ல உனக்கு. அதுக்குப் பேரு பாசம்னு சொல்லிட்டுத் திரியாத."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் ரேடியோ வந்து அவன் தோளில் கை போட்டு, "விடு உடும்பு, உன் நல்ல மனசு எங்களுக்குத் தெரியும்" என்று டீக்கடைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான். தங்கச்சிக்காகப் பழி ஏற்கத் துணிந்த அண்ணன் என்று அன்று முழுவதும் அவனுக்கு ஓசி டீ கிடைத்தது. ஒவ்வொரு கிளாஸையும் அவன் கஷாயம் மாதிரி குடித்ததை நான் தூரத்திலிருந்து பார்த்தேன். திருப்தியாக இருந்தது. பொய் சொல்வானேன்.

வீட்டில் பேச்சு நின்றது. நடுவில் மாட்டிக்கொண்டவள் அண்ணிதான். மாடிப்படியில் பாதி ஏறி வந்து, "ரெண்டு பேரும் ஒரே வயித்துலதான் பொறந்தீங்கன்னு எவளும் சத்தியம் பண்ண வேணாம். மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறதுலயே தெரியுது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அவளுக்கு உண்மை தெரியும் என்று நினைக்கிறேன். அண்ணன் தூக்கத்தில் பேசுகிறவன்.

பழைய இரும்பு வண்டியை ஓட்டுவது எப்படி என்று கேட்டால், ஓட்டக் கூடாது என்பதுதான் பதில். கதவைச் சாத்தினால் மறுபக்கக் கதவு திறக்கும். லோடு இன்னும் மோசம். நசுங்கின கார், துருப்பிடித்த பாய்லர், உடைந்த கேட், எதுவும் எதனோடும் பொருந்தாது. பெல்ட் போட்டால் அறுத்துவிடும் என்பதால் எல்லாவற்றுக்கும் சங்கிலிதான். முதல் வாரம் உள்ளங்கை இரண்டும் உரிந்துவிட்டன. போகிற வருகிறவர்கள், "என்ன மேடம், தொட்டியெல்லாம் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். குறட்டை மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் தாண்டிப் போகும்போது, "பாய்லர மொதல்ல ஏத்து. கார அதுமேல சாய்க்காத" என்று திட்டுகிற குரலில் சொல்லிவிட்டு நிற்காமல் போனான்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் பாய்லர் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். சங்கிலி எல்லாம் வழுக்கியது. நிமிர்ந்தபோது அண்ணன் வண்டியின் மறுபக்கத்தில் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ, சட்டை முழுக்க நனைந்திருந்தது. அவன் கண் கடைசிச் சங்கிலியின் மேலேயே இருந்தது. அவன் விரல்கள் தானாக மடங்குவதையும் விரிவதையும் பார்த்தேன்.

"தொட்ட, கைய ஒடிச்சிருவேன்" என்றேன்.

"தெரியும்" என்றான்.

இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். நனைந்த துணிக்குள் கை போக மறுத்தது. திணித்தான்.

"பின்னாடி சங்கிலி தளர்வா இருக்கு" என்றான். பாதி ஊருக்குக் கேட்கும்படி, அடுத்த டிரைவர்களிடம் கத்துவானே, அதே கத்தல். "கண்ணு எங்க இருக்கு உனக்கு? பாத்துக் கட்டு!"

திரும்பி நடந்தான். பாக்கெட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. தேங்கின தண்ணீரில் கால் வைத்துச் சட்டென்று தடுமாறினபோதுகூட எடுக்கவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் கட்டைத் தளர்வு என்று சொல்ல இவன் யார்? அவன் தன் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தும் வரை, வண்டி கேட்டைத் தாண்டும் வரை, அசையாமல் நின்றேன். பிறகு பின்னால் போய் அந்தச் சங்கிலியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன்.

தளர்வாகத்தான் இருந்தது. இறுக்கினேன்.